எடைமேடை மணி

2024ஆம் ஆண்டு நவம்பர் 21, வியாழக்கிழமை, பகல் 1.40 மணி. இராயபுரத்தில் மழை பெய்யவில்லை. பெய்வதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. கடற்காற்று அறவே இல்லை. மீன்வலைக் கடையின் மாடியில் அமைந்த ‘ஆலிஸ் புலனாய்வகம்’ என்னும் ஒற்றை அறையில் மின்விசிறி சுழன்றது. அதனால் எவருக்கும் பயன் விளையவில்லை.

ஆலிஸ், துறைமுகத்தில் காணாமற்போன சரக்குகளைத் தேடும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்றவர். காணாமற்போனவற்றைத் தேடும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு எதிரே அமர்ந்திருந்த எழில்மொழி, திருவொற்றியூரில் உள்ள ‘கலங்கரை சரக்குப் பெட்டக நிலைய’த்தின் ஒரே கணினி ஊழியர். அவர் இடைநீக்கத்தில் இருந்தார். மாலை நான்கு மணிக்கு மேல் அந்த நிலையும் இராது.

“விசாரணை அதிகாரி நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுவாரு மேடம்,” என்றார் எழில்மொழி. “வேல போகும். கூடவே போலீஸ்ல புகார். அந்தக் கேஸ முதுகுல கட்டிகினு எங்க போயி நான் வேல கேக்கறது? எவன் என்ன ஒரு கம்ப்யூட்டரத் தொட வுடுவான்?”

வழக்கு இதுதான். நிலையத்தின் எடைமேடைக் கணினி மிகப் பழையது. விலைகொடுத்து வாங்கிய இயங்குதளம் எதையும் அது தாங்கவில்லை. எனவே எழில்மொழி, ‘கட்டுமரம்’ என்னும் இணையதளத்தில் அதற்கென்றே லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் ஒன்றைக் கட்டினார். அந்தத் தளத்தில் இது கடினமன்று. வேண்டிய மென்பொருள்களுக்கு நேரே டிக் இட்டு, முகப்புப் படம் ஒன்றை ஏற்றி, ‘கட்டு’ என்னும் பொத்தானை அழுத்தினால், சற்று நேரத்தில் முழு இயங்குதளமும் பதிவிறக்கத்துக்கு ஆயத்தமாகிவிடும். அதைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினால், சாகக் கிடந்த கணினியும் எழுந்து உட்காரும். எடைமேடைக் கணினியும் எழுந்து உட்கார்ந்தது. அனைவரும் பாராட்டினர்.

சென்ற மாதம், செம்புக் கழிவு வாங்கும் ஒருவர் லாரியைத் தம்முடைய எடைமேடையிலும் ஏற்றிப் பார்த்தார். சீட்டில் இருந்ததைவிட லாரி கனமாக இருந்தது. கூடுதலாகக் கிடைத்ததைப் பற்றிப் புகார் செய்யும் வணிகர் அரியவர். இவர் அந்த அரியவர். பென் டிரைவை வல்லுநர் ஒருவர் ஆராய்ந்தார். ‘செம்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எடையில் ஒரு பங்கைக் கழித்துக் காட்டும் சிறு நிரல் அதனுள் இருந்தது. கழித்த பங்கு கணக்கில் வராமல் வெளியே போயிருக்கிறது. கட்டியவர் பெயர் என்ற இடத்தில் எழில்மொழி என்று இருந்தது.

“என் பேரு இருக்கும் மேடம். யாரு நகலெடுத்தாலும் இருக்கும்,” என்றார் எழில்மொழி. “இலவசக் கணக்குல கட்டினத ஊரே பாக்கலாம், நகலெடுக்கலாம், மாத்தலாம். மொதல்ல கட்டினவங்க பேரு மட்டும் அழியாது. மரியாதைக்காக அப்படி வெச்சிருக்காங்க.”

“நல்ல மரியாத,” என்றார் ஹுமாயூன். இவர் ஆலிஸின் உதவியாளர். வயது நாற்பத்து மூன்று. சொந்தமாக ஓர் ஆட்டோவும், எதைப் பற்றியும் சொந்தமாக ஒரு கருத்தும் உடையவர். “அக்கா, இன்னிக்குக் காலீல இவங்களத நகலெடுத்து நானே ஒண்ணு கட்டிட்டேன். பிரியாணிக் கடைல லெக் பீஸு தனியா, முட்ட தனியா சொல்றா மாரிதான். டிக்கு, டிக்கு, டிக்கு. பேஜாரு லினக்ஸ்னு பேரு வெச்சிகீறேன். தொறந்தவுடனே என் ஆட்டோ ஃபோட்டோ வரும்.”

“கட்டியவர் பெயர்?” என்றார் ஆலிஸ்.

“எழில்மொழின்னு கீது. நம்ம வேர்வ, அவங்க பேரு.”

“அந்தக் கழிக்கும் நிரலைச் சேர்த்தாயா?”

“அத மாரியே ஒண்ணு எங்க தோஸ்து பையன் எய்திக் குடுத்தான். அத்தச் சேத்தா, அது ஓடறதுக்கு இன்னும் நாலு சமாச்சாரம் கேட்டுது. அத்தயும் சேத்தேன். அப்பால கட்ட மாட்டேன்னுடுச்சு. ‘இலவச அளவு மீறிவிட்டது, எதையாவது நீக்கவும்’னு ஒரே ரோதன. ஆட்டோ ஃபோட்டோவ மட்டும் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

ஆலிஸ் எழில்மொழியை நோக்கினார். “எதை நீக்கினால் இடம் கிடைக்கும்?”

“என் செய்முறைல பெரிய அயிட்டம் ஒலிதான் மேடம். பழைய கம்ப்யூட்டருன்றதால அதுக்கு நெறைய சேக்க வேண்டியதாப் போச்சு. ஆனா அத நான் உயிரே போனாலும் எடுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“மேடை மேல நிக்கற டிரைவருக்கு ஸ்கிரீன் தெரியாது. எடை பதிஞ்சுதா இல்லயான்னு தெரியாம ஹாரன் அடிப்பாங்க. அதான் எடை பதிஞ்சவுடனே ஸ்பீக்கர்ல மணி அடிக்கிறா மாதிரி வெச்சேன். எங்க வியாசர்பாடி பாக்ஸிங் கூடத்து மணி. என் தம்பி சித்தார்த் அங்கதான் குத்தறான், அங்கயே ரெகார்டு பண்ணேன்.”

“எத்தனை முறை அடிக்கும்?”

“ஒரே தடவ. ரவுண்டு முடிஞ்சுது, எறங்குன்னு அர்த்தம்.”

ஆலிஸ் மின்விசிறியைப் பார்த்தார். திருடியவருக்கு இடம் தேவைப்பட்டிருக்கும். எடைமேடைக் கணினிக்கு ஒலி எதற்கு என்று, அந்த மேடையில் ஒருநாளும் நில்லாத ஒருவருக்குத் தோன்றியிருக்கும். பென் டிரைவ் மாற்றப்பட்டது உண்மையானால் அந்த மணி ஊமையாகியிருக்க வேண்டும்.

“கணினியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் காதைப் பொத்திக்கொண்டு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் நான்கு மணிக்கு வந்தால் போதும்,” என்றார் ஆலிஸ்.

“அந்த பென் டிரைவு இன்னும் அங்கயே ஓடிகினு கீதா?” என்று கேட்டார் ஹுமாயூன்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. குற்றம் செய்த பென் டிரைவ் பணியில் நீடித்தது, இடைநீக்கம் எழில்மொழிக்குத்தான். வேறொன்றைக் கட்ட நிலையத்தில் ஆள் இல்லை. செம்பு லாரிகள் மட்டும் வெளியே எடை பார்க்கப்பட்டன.

படியிறங்கும்போது ஹுமாயூன் சொன்னார்: “மாதா கோயில் சாமியாரு ரெண்டு தபா போன் பண்ட்டாரு. காணாமப்போன பூசை மணி இன்னும் கெடைக்கலியாம். பசங்க டம்ளர்ல ஸ்பூனால தட்டிகினு கீறாங்களாம்.”

“தெரியும். ஞாயிற்றுக்கிழமை நானும் கேட்டேன். காபி கலக்குவது போலிருந்தது.”

“அந்தக் கேஸுக்கு நமக்கு இன்னா கமிஷன்?”

“இறந்த பிறகு கிடைக்கும்.”

---

டோல்கேட்டில் வழக்கமான நெரிசல். ஒரு பெட்டக லாரி திரும்ப முயன்றது. மற்ற அனைத்தும் அதற்கு ஆலோசனை கூறின. ஹுமாயூன் ஆட்டோவை லாரிக்கும் சுவருக்கும் இடையில், அப்படி ஓர் இடம் இருப்பதாக நம்பி, செலுத்தினார். இடம் இருந்தது.

“அக்கா, அந்த எடைமேடை ஆபரேட்டரு இன்னா சொன்னான்?”

“பெயர் சாவியோ. ‘முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது, எந்த மாற்றமும் இல்லை’ என்று விசாரணையில் சாட்சி சொன்னார். எழில்மொழிக்கு எதிரான பெரிய சாட்சி அதுதான். எதுவும் மாறவில்லை என்றால், கழிக்கும் நிரலும் முதல் நாளிலிருந்தே இருந்தது என்றாகிறது.”

“அப்போ அந்தாளுதான் கூட்டு.”

“இருக்கலாம். ஆனால் எழில்மொழி என்ன சொன்னார் தெரியுமா? ‘சாவியோ அண்ணன் எனக்கு எதிரா பேச மாட்டாரு’ என்றார். சாட்சியத்தைப் படித்த பிறகும்.”

“பாவம், நல்ல பொண்ணு. ஒலகம் தெரில,” என்றார் ஹுமாயூன்.

கலங்கரை நிலையத்தின் வாயிலுக்கு எதிரே பூவம்மாவின் தேநீர்க் கடை இருந்தது. பூவம்மா ஒரு கையால் பாலை ஆற்றினார். மறு கையால் ஈயை விரட்டினார். வாயால் மூன்று வாடிக்கையாளரைக் கண்டித்தார். சாலையில் போன லாரிகளின் புழுதி எல்லார் தேநீரிலும் சமமாக விழுந்தது.

“பூவம்மா, இங்கே மணிச் சத்தம் கேட்குமா?” என்றார் ஆலிஸ்.

“இன்னா மணி? எடைமேடை மணியா? காது கிய்யிற மாரி கேக்கும்.”

அந்நேரத்தில், வாயிலுக்குள்ளே ஒரு லாரி எடைமேடையில் ஏறி நின்றது. மணி அடித்தது.

ஹுமாயூன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “போச்சு. ஒலி கீது. நம்ம தியரி அவுட்டு. வாக்கா, போற வழில கோயிலாண்ட எறக்கி வுடறேன். டம்ளர் கேஸையாவது பாக்கலாம்.”

ஆலிஸின் தலை தாழ்ந்திருந்தது. வலக்கை மார்பின்மேல் இருந்தது. அவர் அதை வைத்ததாக அவருக்கே நினைவில்லை.

“யாருக்குக்கா கும்புடு போடறே? லாரிக்கா?”

ஆலிஸ் கையை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஹுமாயூன், மணி எத்தனை முறை அடித்தது?”

“யாரு எண்ணிகினு இருந்தா?”

“மூணு தபா,” என்றார் பூவம்மா, பாலிலிருந்து கண்ணெடுக்காமல். “இப்போலாம் மூணு தபாதான். மின்ன ஒரு தபா அடிக்கும். ஆயுத பூசை முடிஞ்சு வந்த வாரத்துல ஒரு நாளு மணியே இல்ல. டிரைவருங்க ஹாரன் அடிச்சு அடிச்சு, என் கடையாண்ட ஒருத்தன் நிக்கல. ரெண்டு லிட்டர் பாலு கெட்டுப்போச்சு. மறுநாளு மணி வந்துடுச்சு. ஆனா மூணு தபா. ரிப்பேரு பண்ணா ஏத்திக் குடுப்பானுங்க போலன்னு நெனச்சேன்.”

“ஒரு நாள் மணியே இல்லை. நன்றாக நினைவிருக்கிறதா?”

“பாலு கெட்டா எனக்கு மறக்காது மேடம். நைனா, அந்த டீய குடிக்கிறியா, இல்ல வேடிக்க பாக்கறியா?”

ஹுமாயூன் குடித்தார். ஆலிஸ் தாம் குடியாத தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

“இன்னாக்கா, ஒண்ணு மூணாயிடுச்சு. அதுல இன்னா கீது?”

“இயந்திரம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. மாற்றிக்கொண்டால், அது இயந்திரம் அன்று.”

---

எடைமேடை அறை என்பது, நான்குபுறமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. சாவியோ அதற்குள், வெயிலில் வைத்த ஊறுகாய்போல அமர்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது, அமைதியான முகம், மேசையின் மேல் கணினி, மேசையின் கீழ், அவருடைய காலருகில், ஊதா நிறத் துணி மூடிய ஏதோ ஒன்று.

“மணி எங்கிருந்து வருகிறது?” என்றார் ஆலிஸ்.

“சிஸ்டத்துல இருந்துதான் மேடம்.”

“எப்போதும்போல?”

“எப்பவும்போலத்தான்.” அவர் திரையைப் பார்த்தார். திரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“நீங்கள் இராயபுரமா?”

“ஆமா மேடம். கோயில் தெருதான்.”

“எந்தப் பூசைக்குப் போவீர்கள்?”

“காலைல மொதப் பூசை.”

“நான் இரண்டாம் பூசை. அதனால்தான் பார்த்ததில்லை. பீடத்தில் உதவியிருக்கிறீர்களா?”

“சின்ன வயசுலேர்ந்து. இப்ப பசங்களுக்கு நான்தான் சொல்லித் தரேன். எழுந்தேற்றத்துல சாமியார் அப்பத்த ஒசத்தும்போது எப்ப மணி அடிக்கணும், மூணு அடிச்சி எப்ப நிறுத்தணும்னு.” சொல்லும்போது அவர் குரலில் சிறிது பெருமை இருந்தது. அடுத்த நொடியே அது வடிந்தது.

“இப்போது பையன்கள் டம்ளரில் தட்டுகிறார்கள்,” என்றார் ஆலிஸ்.

சாவியோ குனிந்து, காலருகில் இருந்த ஊதாத் துணியை இழுத்துவிட்டார்.

வெளியே லாரியொன்று மேடையில் ஏறியது. எடை திரையில் நிலைத்தது. சாவியோவின் வலக்கை மேசைக்கு அடியில் அரையடி இறங்கி, நின்று, திரும்பி வந்தது. மணி அடிக்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார், பிறகு ஹாரனை அழுத்தினார், பிறகு எடுக்காமல் அழுத்தினார்.

“அடியுங்கள். பாவம், அவருக்கு நேரமாகிறது,” என்றார் ஆலிஸ்.

சாவியோ அடித்தார். மூன்று முறை. ஹுமாயூன் கண்ணாடிக்கு அப்பால் நின்று, தாம் கண்டதை நம்பலாமா என்று ஆலிஸின் முகத்தைப் பார்த்தார்.

“யாருக்காக?” என்றார் ஆலிஸ்.

“எழிலுக்காக” என்று சாவியோ சொல்லவேண்டியதை அவர் முகமே சொல்லிவிட்டது.

“நான்கு மணிக்கு மாடிக்கு வாருங்கள். மணியும் வரட்டும். ஹுமாயூன், நீ ஆட்டோவோடு மேடையில் ஏறி நில். மணி அடித்தால்தான் இறங்க வேண்டும்.”

“அடிக்கலன்னா?”

“நிற்க வேண்டும்.”

“பின்னாடி டிரெய்லர்காரன் அடிப்பானே.”

“ஹாரனா, உன்னையா?”

“ரெண்டும்.”

“நிற்க வேண்டும்,” என்றார் ஆலிஸ்.

---

விசாரணை அதிகாரி ஜெயவேல், தொழிலாளர் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் பச்சை மையால் கையெழுத்திட்டவர். இப்போது நீலத்துக்குத் தாழ்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தட்டச்சிட்ட முடிவு கிடந்தது. பேனாவின் மூடி கழற்றப்பட்டிருந்தது. அறையின் கண்ணாடிகள் இறுக மூடப்பட்டு, குளிரூட்டி இயங்கியது. எழில்மொழி நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார்.

செயல் மேலாளர் தம் நாற்காலியில் முழுவதுமாக அமர்ந்திருந்தார். அவருடைய பெயர் சின்னப்பையன், வயது ஐம்பத்தாறு. செம்பு லாரிகள் எல்லாம் அவருடைய ஒப்புதலின்பேரில்தான் வெளியே சென்றன. ‘கணினி என்றால் எனக்கு ஆகாது, மின்னஞ்சலைக்கூட அந்தப் பெண்தான் அச்சிட்டுத் தருவாள்’ என்பது விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலம்.

“பத்து நிமிடம் தருகிறேன்,” என்றார் ஜெயவேல். “சான்று உண்டா?”

“ஓர் ஆட்டோவை எடை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சாவியோ இங்கேயே இருக்கட்டும். கீழே வேறு யாராவது பொத்தானை அழுத்தட்டும்.”

“இது என்ன விளையாட்டு சார்?” என்றார் சின்னப்பையன்.

“எடை பார்ப்பது விளையாட்டன்று, இந்த நிறுவனத்தின் தொழில்,” என்றார் ஜெயவேல். “செய்யுங்கள்.”

வாயிற்காவலர் கெங்கம்மா எடைமேடை அறைக்குள் அமர்த்தப்பட்டார். ஆலிஸ் எழுந்து சன்னலைத் திறந்தார். வெப்பமும் புழுதியும் உடனே உள்ளே வந்தன; பின்னாலேயே கெங்கம்மாவின் குரல் வந்தது: “அயித்திட்டேன்! எடை வந்துடுச்சு! சீட்டும் வந்துடுச்சு!”

மணி வரவில்லை.

ஆட்டோ நகரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதலில் ஒரு ஹாரன், பிறகு பல. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஓட்டுநரின் குரல் எழுந்து, ஹுமாயூனின் முன்னோர் மூவரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டது.

ஆலிஸ் ஹுமாயூனை அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தார். ஜெயவேல் அதன் அருகில் குனிந்தார். “எடை முடிந்துவிட்டதே. ஏன் நகரவில்லை?”

“மணி அடிக்கலியே நைனா!” என்றது கைப்பேசி.

தொழிலாளர் துறையில் ஜெயவேலை எவரும் நைனா என்று அழைத்ததில்லை. அவர் நிமிர்ந்தார். “மணி ஏன் அடிக்கவில்லை?”

“ஏனென்றால் மணி இங்கே இருக்கிறது,” என்றார் ஆலிஸ்.

சாவியோ ஊதாத் துணியை மேசையின்மேல் வைத்துப் பிரித்தார். கைப்பிடியோடு கூடிய பித்தளை மணி. அதன் விளிம்பில் சிறு சிலுவை.

“ஆயுத பூசைக்கு அப்புறம் ஒரு நாள் காலைல சிஸ்டம் ஊமையாயிருந்துச்சு சார்,” என்றார் சாவியோ. எழில்மொழியின் பக்கம் அவர் திரும்பவில்லை. “டிரைவருங்க கத்துறாங்க. மேனேஜர் சார்கிட்டதான் மொதல்ல போய்ச் சொன்னேன். ‘எழில்கிட்ட சொல்லாத. அவ கட்டினதுல கோளாறுன்னு மொதலாளி காதுக்குப் போனா, பொண்ணு வேல போயிடும். நீயே எதாவது பாத்துக்கோ’ன்னாரு. கோயில்ல ரெண்டு மணி இருக்கு. ஒண்ண எடுத்துட்டு வந்தேன். இன்னொண்ணுக்கு நாக்கு ஒடஞ்சிருக்கறது எனக்குத் தெரியாது.”

“சாட்சியத்தில் எதுவும் மாறவில்லை என்றீரே?” என்றார் ஜெயவேல்.

“அவளக் காப்பாத்தறேன்னு நெனச்சி சொன்னேன் சார். மணி கெட்டுதுன்னு சொன்னா அதயும் அவ தலைலதான் ஏத்துவீங்கன்னு மேனேஜர் சார் சொன்னாரு.”

எழில்மொழி முதன்முறையாக வாயைத் திறந்தார்: “அண்ணே... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போட்டிருக்கறது என் பென் டிரைவே இல்லன்னு அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பேனே.”

“அதனால்தான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லப்பட்டது,” என்றார் ஆலிஸ். “வீட்டுக் குழாய் ஒழுகினால் குழாய்க்காரரை அழைப்போம். மணி ஊமையானால் அதைக் கட்டியவரை அழைப்போம். அவர் பக்கத்து அறையில்தான், இதேபோல் மூடிய கண்ணாடிக்குள், ஹாரன்கூடக் கேட்காமல் இருந்தார். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று ஏன் நினைக்க வேண்டும்?”

சின்னப்பையன் சிரித்தார். “நல்லா கத கட்றீங்க மேடம். பொண்ணு மேல இரக்கப்பட்டது ஒரு குத்தமா? மணியாம் மணி. எடைமேடைல எதுக்கு மணி? ஒரு டிங்குக்காக எவனாவது முந்நூறு எம்பிய வீணாக்குவானா?”

ஆலிஸ் சன்னலை மூடினார். ஹாரன்கள் நின்றன. குளிரூட்டியின் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது.

ஜெயவேல் வாக்குமூலக் கோப்பைத் திறந்தார், ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார், மூடினார். “சின்னப்பையன், மின்னஞ்சலை அச்சிடத் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர். எடைமேடை லினக்ஸில் ஒலி எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது எப்படித் தெரியும்?”

சின்னப்பையன் எழில்மொழியைப் பார்த்தார். பிறகு, சற்றும் தேவையில்லாமல், குளிரூட்டியின் ரிமோட்டை எடுத்து இரண்டு டிகிரி குறைத்தார்.

“எழில்மொழி, சரியான அளவு என்ன?” என்று கேட்டார் ஜெயவேல்.

“முந்நூத்திப் பன்னண்டு சார். அத நீக்கறதுக்கு டிக்க எடுத்தாத்தான் அந்த நம்பரு திரைல வரும். மத்தபடி யாருக்கும் தெரியாது.”

“நீங்கள் எடுத்தீர்களா?”

“வெச்சவ எதுக்கு சார் எடுக்கப் போறேன்?”

ஜெயவேல் பேனாவுக்கு மூடியிட்டார். “சாவிக் கொத்து,” என்றார் சின்னப்பையனிடம். “கைப்பேசியும். இரண்டையும் மேசைமேல் வையுங்கள். உரிமையாளர் வரும்வரை இந்த அறையிலேயே இருங்கள். இங்கே குளிராகத்தான் இருக்கிறது.”

கைப்பேசியில் ஹுமாயூன் கேட்டார்: “அக்கா, இன்னா ஆச்சு? டிரெய்லர்காரன் எறங்கி வந்துகினு கீறான். ஆளு நல்லா ஒசரமா கீறான்.”

“நில்,” என்றார் ஆலிஸ்.

எழில்மொழி, ஜெயவேலின் முன்னிலையில் ‘கட்டுமரம்’ தளத்தைத் திறந்தார். பழைய செய்முறை அங்கேயே இருந்தது. ஒலிக்கு நேரே டிக் இருந்தது. கழிக்கும் நிரல் இல்லை. ‘கட்டு’ என்னும் பொத்தானை அழுத்தினார். ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டது. பூவம்மா தேநீர் கொடுத்தனுப்பினார். ஜெயவேல், விசாரணை அதிகாரி எத்தரப்பினரிடமிருந்தும் எதையும் பெறலாகாது என்று கூறி, தமக்கான தேநீருக்குத் தாமே காசு கொடுத்தார். உயரமான டிரெய்லர் ஓட்டுநரும் அதற்குள் சமாதானமாகியிருந்தார். நடப்பதைச் சொன்னபோது, தாமும் முடிவைக் கேட்டுவிட்டே போவதாக ஹுமாயூனின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

புதிய பென் டிரைவைக் கெங்கம்மா வாங்கிச் சென்று செருகினார். கணினி எழுந்து உட்கார்ந்தது. சரக்கு என்னும் இடத்தில், ஜெயவேலின் ஆணைப்படி, ‘செம்பு’ தேர்ந்தெடுக்கப்பட்டது.

“என் ஆட்டோ செம்பா?” என்றார் ஹுமாயூன். “தெரிஞ்சிருந்தா வித்திருப்பேனே.”

ஆலிஸ் சன்னலை மீண்டும் திறந்தார். எடை ஒரு கிலோவும் குறையாமல் வந்தது. உயரமான ஓட்டுநரின் எடையும் சேர்ந்தே வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வியாசர்பாடிக் குத்துச்சண்டைக் கூடத்தின் மணி கேட்டது.

ஒரு முறை.

ஆட்டோ மேடையைவிட்டு இறங்கியது. ஆலிஸின் கை இம்முறை மார்புக்கு ஏறாமல் சன்னலிலேயே இருந்தது.

ஜெயவேல் தட்டச்சிட்ட முடிவின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்தே இழுத்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தம் கைப்பட எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததை ஒருமுறை படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, சாவியோவை நோக்கினார்.

“பொய்ச் சாட்சியம் குறித்து உங்களுக்குத் தனியே விளக்கம் கேட்கப்படும். அதில் காரணத்தையும் எழுதுங்கள், நான் படிப்பேன். மணி இன்றே கோயிலுக்குப் போக வேண்டும்.”

“சரி சார்.” சாவியோ மணியைத் துணியில் சுற்றினார். அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் சுற்றினார். “மன்னிச்சிக்க எழில்.”

எழில்மொழி அவரை முறைத்தார். முறைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. “டிரைவருங்க யாரும் வித்தியாசம் கண்டுபுடிக்கலயாண்ணே?”

“கோயில் பழக்கத்துல நான் மூணு தடவ அடிச்சிட்டேன். ஒருத்தர் மட்டும் அதக் கேட்டு தெனம் சிலுவ போட்டுக்கினு போவாரு.”

“ஒருக்கா அடிச்சிருந்தா எங்க மேடத்துக்கே தெரிஞ்சிருக்காது,” என்றார் எழில்மொழி. “அப்ப என் கதி என்ன ஆவும்? நல்லவேள, மூணு அடிச்சே.”

ஜெயவேல் தாளின் அடியில் கையெழுத்திட்டார், நாளை எழுதினார், மை உலரும்வரை காத்திருந்தார். அதன் பிறகு எழுந்து நின்று, அதை எழில்மொழியிடம் கொடுத்தார்.